பதினோராம் பக்கத்து மாப்பிள்ளை

கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காருங்கள் என்றால் சந்திரமதியால் கண்ணை மூட முடியும், சும்மா உட்காரத்தான் முடியாது. நாற்பது நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் சொட்டு மருந்து விடுகிற பெண். மருந்து முதலில் கண்ணில் எரிந்தது, பிறகு தொண்டையில் கசந்தது, கண்ணில் விட்டது தொண்டைக்கு எந்த வழியாக வந்தது, இதை வைத்து நாலு வரி எழுதலாமே என்று மனசு உடனே பேனாவைத் தேடியது, அறுபத்தாறு வயசிலும் இந்தப் புத்தி போகவில்லை. மதுரையில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் மாடிக் கூடத்தில் அவளைப் போல முப்பது நாற்பது பேர் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் மடியிலும் ஒரு மஞ்சள் அட்டை. வலது கண்ணில் நேர்கோடுகள் வளைகின்றன, அதற்காகத்தான் வந்திருக்கிறாள். போன மாதம் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது நடுவில் கோடு குழிந்து, எழுத்து அந்தக் குழியில் இறங்கிக் காணாமல் போயிற்று. நோட்டு நனைந்துவிட்டது என்று ஃபேனுக்குக் கீழே காயவைத்தாள், அவ்வளவு கெட்டிக்காரி. காய்ந்த பிறகும் கோடு நிமிரவில்லை, அப்போதுதான் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாள். இன்றைக்கு மருந்து விடுவதற்கு முன்னால் அட்டையை நிரப்பிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள், "கண்ணு முன்னாடி கொசு பறக்குற மாதிரி தெரியுதாம்மா?" எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். சந்திரமதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தெரியுது, முப்பத்தஞ்சு வருஷமாத் தெரியுது என்றாள். இத்தனை வருஷமாக ஏன் காட்டவில்லை என்று அந்தப் பெண் நிஜமாகவே கோபித்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டாள்.

அந்தக் கொசுவுக்குக் குலம் கோத்திரம் உண்டு, கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. 'மாப்பிள்ளைக் கொசுவைக் காணோம்' என்று பதினாறு பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு படப்பாட்டுப் புத்தகம். பாட்டு சந்திரமதி, படம் தங்கப்பழம். கல்யாணத்தன்று காலையில் மேளச் சத்தத்துக்குப் பயந்து மாப்பிள்ளைக் கொசு ஓடிவிடும். பெண் வீட்டார் பக்கத்துக்குப் பக்கம் தேடுவார்கள், தவில்காரர் தவிலைத் தட்டித் தட்டிக் கேட்பார், பந்தியில் ஒருத்தர் இலையைத் தூக்கிப் பார்ப்பார், பாட்டு ஒன்றும் தெரியாதது போலப் பாடிக்கொண்டே போகும், மாப்பிள்ளையோ ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு மூலையில் கடுகத்தனை உட்கார்ந்திருப்பான், பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். அவள் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், முப்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகவில்லை, பிறகும் ஆகவில்லை. தங்கப்பழம் சிவகாசியில் ஒரு அச்சகத்தின் மாடி அறையில் காலண்டர் சாமிகள் வரைகிறவர். லட்சுமிக்கும் முருகனுக்கும் நகை போட்டுப் போட்டுக் கை சலித்த மனுஷன். முதல் புத்தகத்துக்காக முதல் நாள் அவள் படியேறிப் போனபோது நிமிர்ந்து பார்த்து, "அம்மா, முகத்துல மை பட்டிருக்கு" என்று டர்பன்டைன் நனைத்த துணியை நீட்டினார். மை இல்லை, முகவாயில் மச்சம், பிறவியிலேயே இருப்பது என்றதும் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அந்தத் துணியைக் கீழே வைக்கவும் தெரியாமல், கையிலேயே பிடித்துக்கொண்டு முதல் பாட்டைக் கேட்டார், கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு. சத்தமே வராது. தோள் குலுங்கும், தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடுவார், கண்ணில் நீர் முட்டும், கடைசியில்தான் எங்கேயோ அடிவயிற்றிலிருந்து ஒரு 'ஹக்' வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, மாடிப்படி ஏறி, ஒரு காகிதத்தை வாசித்துவிட்டு அவள் காத்திருந்ததெல்லாம் அந்த 'ஹக்'குக்காகத்தான். வராவிட்டால் பேசாமல் காகிதத்தை நாலாகக் கிழித்துவிடுவாள், நல்லா இருக்கே என்று அவர் சொன்னாலும் கிழித்துவிடுவாள். பாட்டு சொன்னதைப் படம் சொல்லக் கூடாது, படம் சொல்வதைப் பாட்டு சொல்லக் கூடாது, ரெண்டுக்கும் நடுவில் பிள்ளை சிரிக்க இடம் வேண்டும் என்பார். அது காதலா என்று யாராவது கேட்டிருந்தால் அவள் அப்போது கோபப்பட்டிருப்பாள். அவருக்குக் குடும்பம் இருந்தது, அவர் மனைவி இவளுக்கு மோர் கொடுத்தனுப்புவாள், அந்த மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கும். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை, கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாம், சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம். இடது கண்ணோரம் ஈரம் கசிந்தது. மருந்துதான். எங்கேயோ ஒரு கதவு திறந்து ஸ்பிரிட் வாசனை வந்தது, யாரோ ஒரு முத்துராக்குவைக் கூப்பிட்டார்கள், முத்துராக்கு வரவில்லை, மறுபடியும் கூப்பிட்டார்கள்.

இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது, அந்த வழக்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒவ்வொரு புத்தகத்திலும் இப்படி ஏதோ ஒன்று படத்துக்குள் ஒளிந்திருக்கும், படம் முடிந்ததும் தங்கப்பழம் அவளிடம் காட்டமாட்டார். முதல் தேடல் உங்களுடையது, உங்களுக்கே தெரிந்துவிட்டால் என்ன விளையாட்டு என்பார். புத்தகம் அச்சாகி வந்த பிறகு, எக்ஸ்சேஞ்சு கேண்டீனில் உட்கார்ந்து, எந்தப் பக்கத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தபால் கார்டில் விடையெழுதி அனுப்புவாள், அவர் இன்னொரு கார்டில் சிவப்புப் பென்சிலால் மார்க் போட்டு அனுப்புவார். மூன்று புத்தகத்துக்கு அப்படி நடந்தது, மூன்றிலும் நூற்றுக்கு நூறு. நாலாவது இந்தக் கல்யாணம். அரை மணி நேரத்தில் பதினைந்து பக்கத்தையும் முடித்துவிட்டாள், நாகஸ்வரத்தின் வாயில், தாம்பூலத் தட்டில், ஐயரின் குடுமி நுனியில் என்று ஆசை ஆசையாக எழுதினாள். பதினோராம் பக்கத்தில் மாப்பிள்ளை இல்லை. அண்டாவில் இல்லை, அடுப்பில் இல்லை, முருங்கைக்காய்க் கட்டில் இல்லை. அந்தப் பக்கத்துப் பாட்டு இப்போதும் பிசகாமல் வருகிறது:

அண்டா குண்டா அத்தனையும்
அத்தை கவிழ்த்துப் பார்த்தாளாம்;
உண்டா இல்லையா தெரியாமல்
ஊரைக் கூட்டிக் கேட்டாளாம்.

படத்தில் தலை நரைத்த ஒரு குண்டு அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு அண்டாவுக்குள் தலையை விடப் போகிறாள், அவ்வளவுதான். இரண்டு நாள் லென்ஸ் வைத்துக்கூடத் தேடினாள். பிறகு பிள்ளைகளின் கார்டுகள் வர ஆரம்பித்தன, கோவில்பட்டியிலிருந்து, பெரியகுளத்திலிருந்து, ஒரே கேள்வி, பதினோராம் பக்கத்தில் மாப்பிள்ளை எங்கே. ஒரு பெண் குழந்தை, மாப்பிள்ளை நிஜமாகவே ஓடிவிட்டானா என்று கேட்டு அடியில் ஒரு துளிக் கண்ணீரும் வரைந்திருந்தது. காலண்டர் சீசன், அவசரத்தில் மனுஷன் மறந்துவிட்டார், பிள்ளைகளின் புத்தகம்தானே என்று மறந்துவிட்டார் என்று அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. கோபம் வந்தால் மற்றவர்களைப் போல நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே, இவளுக்குத்தான் பாட்டாக வந்து தொலைக்கும். பதினைந்து விடையையும் எழுதிய அதே கார்டில், மிச்சமிருந்த இடத்தில் எழுதினாள்:

வரைய வேண்டிய மாப்பிள்ளையை
வழியில் எங்கே விட்டீரோ?
கரைத்த சாயம் காய்ந்துபோகக்
கண்ணை மூடித் தூங்கினீரோ?

கவருக்குள் வைத்திருந்தால் அது ஒரு விளையாட்டு. திறந்த கார்டு, அதுவும் அச்சக விலாசத்துக்கு. கணக்கர் வாங்கி வாசித்தார், கட்டிங் மெஷினில் நின்றவர் வாங்கி வாசித்தார், மத்தியானத்துக்குள் மெட்டுப் போட்டுவிட்டார்கள். அந்த சீசன் முழுக்க, தங்கப்பழம் படியேறும்போதெல்லாம் கீழே மெஷின் தாளத்துக்கு அந்தப் பாட்டு நடந்ததாம், கண்ணை மூடித் தூங்கினீரோ, தூங்கினீரோ. இதை அவளுக்கு ஒரு வருஷம் கழித்து பைண்டர் ஒருவர் பெருமையாகச் சொன்னார், உங்க பாட்டுலயே அதுதாம்மா டாப்பு என்றார். நல்ல பாட்டாக எழுதியதுதான் தப்பாகப் போயிற்று. எதுகை கொஞ்சம் இடறியிருந்தால், ஒரு வார்த்தை நாக்கில் சிக்கியிருந்தால், எவனும் பாடியிருக்க மாட்டான், அவரும் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோர் வாங்கிவரச் சொல்லியிருப்பார். அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சிவப்புப் பென்சிலில் பதினாறுக்குப் பதினைந்து. கீழே, 'வரைந்தேன். நன்றாகப் பாருங்கள்.' அவள் நம்பவில்லை. பொய்யும் சொல்கிறாரே என்று கூடுதலாக ஒரு கோபம். அதற்கப்புறம் இவளும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை, முப்பத்தைந்து வருஷம், ஒரு கார்டு என்ன விலை விற்றுவிட்டது.

"யம்மா, ரெண்டாவது தடவ மருந்து" என்று குரல் கேட்டது, விரல் இமையைப் பிரித்தது, கூடத்தின் விளக்குகள் எல்லாம் பெரிய பெரிய பணியாரமாக உப்பித் தெரிந்தன, அவற்றின் குறுக்கே ஒரு கரும்புள்ளி மெதுவாக நீந்திப் போயிற்று, இமை மூடிக்கொண்டது. மறுபடியும் கசப்பு. வேறு ஓவியர்கள் வந்தார்கள், நல்லவர்கள், பாட்டை வாங்கிக்கொண்டு, சூப்பர் மேடம் என்று சொல்லி, யானை என்று எழுதியிருந்தால் யானை வரைந்து கொடுத்தார்கள். யாருடைய தோளும் குலுங்கவில்லை. அவள் பாட்டெழுதுவதை நிறுத்தவில்லை, ஆனால் எழுதி முடித்ததும் ஒரு நிமிஷம் காத்திருப்பாள், எதிரே யாருமில்லாத நாற்காலியைப் பார்த்துக் காத்திருப்பாள், அந்த ஒரு நிமிஷம்தான் அவளுக்கு ஆகவே ஆகாத நிமிஷம். ஒரு தடவை சிவகாசி பஸ் ஏறிப் போய், ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினாள், கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தான். பையில் எப்போதும் ஒரு தபால் கார்டு இருக்கும், எழுதாத கார்டு, பழுத்துப் போனால் புதுசு வாங்கி வைப்பாள். போன தை மாதம் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அழ வரவில்லை, எதைச் சொல்லி அழுவது, பதினாறுக்குப் பதினைந்து என்றா.

போன மாதம் புத்தகத்தை மறுபதிப்புப் போடுகிற பதிப்பாளர் சாதாரணமாகத்தான் சொன்னார், அது ஃபிலிம் காலம் மேடம், படத்தில் கறுப்பாக இருப்பது நெகட்டிவில் வெள்ளைத் துளையாகத் தெரியும், தூசி விழுந்தாலும் அதே மாதிரிதான் தெரியும், கண்ணாடி மேஜையில் வைத்து, சிவப்பு மையைத் தொட்டுத் தொட்டு அந்தத் துளையையெல்லாம் அடைப்பார்கள், உங்கள் கொசுவைத் தூசி என்று நினைத்து யாராவது அடைத்திருப்பார்கள். சொல்லிவிட்டு அவர் காகிதத்தின் ஜிஎஸ்எம், பைண்டிங் என்று போய்விட்டார். சந்திரமதிக்குத்தான் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அப்படியென்றால் அவர் வரைந்திருந்தார். அடைத்தவனும் கீழே நின்று பாட்டுப் பாடியிருப்பான். இல்லை, இதெல்லாம் யூகம், மறந்தும் இருக்கலாம், அசல் படத்தைப் பார்த்தாலொழிய யார் கண்டது. தங்கப்பழத்தின் மகள் ஜெயராணியின் நம்பரை வாங்கிப் போன் செய்து, பதினோராம் பக்கத்து அசல் படம் இருக்கிறதா என்று கேட்டாள். அப்பா மற்ற படத்தையெல்லாம் பிரஸ்ஸிலேயே விட்டுவிட்டார், இந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார், ஏன் என்று கேட்டால் சிரிப்பார் என்றாள் ஜெயராணி. எப்படிச் சிரிப்பார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கொசு இருக்கிறதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. நீங்களே வச்சுக்கங்க அத்தை என்று கூரியரில் போட்டாள், இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வாசற்படி இறங்கும்போது வந்தது, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிய பார்சல். அதை அப்படியே பையில் வைத்துக்கொண்டாள், அவசரம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவசரமும் இல்லை ஒன்றும் இல்லை, பயம். இருந்தால், ஒரு நல்ல மனுஷனை ஊர் சிரிக்க வைத்தவள் அவள். இல்லாவிட்டால், முப்பத்தைந்து வருஷக் கோபம் நியாயம்தான், நிம்மதியாக இருக்கலாம். அந்த நிம்மதி வேண்டாம் என்று இருந்தது. இருக்க வேண்டும், அது அங்கே இருக்க வேண்டும், தப்பு முழுக்கத் தன் தலையில் விழ வேண்டும் என்று அவள் ஏங்கினாள், கல்யாணப் பெண் கூட மாப்பிள்ளைக்கு அப்படி ஏங்கியிருக்க மாட்டாள். பார்க்க முடிந்தபோது பார்க்காமல் வந்துவிட்டு, மருந்து விட்ட பிறகு பார்க்கத் துடிக்கிறது. டாக்டர் என்ன சொல்வாரோ. அந்தக் குழி பெரிதாகும் என்றால். நாளைக்கே பெரிதாகிவிட்டால்.

பையிலிருந்து பார்சலை எடுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கண்ணைத் திறந்தாள். படம் இருந்தது, பாசி பிடித்த கிணற்றுக்குள் கிடப்பது போல இருந்தது, மஞ்சள் ஒரு திட்டு, பித்தளை ஒரு திட்டு. மடியிலிருந்த கண்ணாடியை மாட்டினாள், இன்னும் மோசம். ஒரு கரும்புள்ளி தெரிந்தது, கண்ணை உருட்டினால் அதுவும் கூடவே உருண்டது, படத்துக் கொசு இல்லை, கண்ணுக்குள் இருக்கிற கொசு. "டீச்சரம்மா, கண்ணத் தொறக்கக் கூடாதுன்னுல்ல சொல்லிட்டுப் போச்சு அந்தப் புள்ள" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். வந்து உட்கார்ந்ததுமே அறிமுகமாகிவிட்ட மனுஷன், பெரியகருப்பன், உசிலம்பட்டிப் பக்கம், ஆட்டு வியாபாரி, உள்ளே ஆபரேஷனுக்குப் போன மனைவிக்காகக் காத்திருக்கிறார், கண்ணாடியையும் துணிப்பையையும் பார்த்து இவளை டீச்சர் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் கண்ணில் மருந்து இல்லை. சந்திரமதி படத்தை அவர் பக்கம் நீட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தம்பி, இதுல ஒரு கொசு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஆட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா, வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். சமையல்கட்டு என்றார், அண்டா கவிழ்ந்து கிடக்கிறது, முருங்கைக்காய் கிடக்கிறது, ஒரு பூனை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், அவள் ஒவ்வொன்றுக்கும் அங்கே இல்லை, அங்கே இல்லை என்று மனசுக்குள் கழித்துக்கொண்டே வந்தாள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிறகு பேச்சு நின்றது. நாற்காலி லேசாக ஆடியது. சத்தமில்லாமல் ஒரு மனுஷன் குலுங்குகிற ஆட்டம் அது, அவளுக்குத் தெரியாதா, மூடிய கண்ணுக்குள் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அந்த ஆட்டம் ஏறி ஏறி வந்து கடைசியில் பெரியகருப்பனிடமிருந்து ஒரு 'ஹக்' வெளியே வந்தது.

"அடப்பாவி, இங்கனயா இருக்கான்! அந்த அம்மா போட்டிருக்குற கண்ணாடி மேலயே, கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கான் டீச்சரம்மா. அது தெரியாம அவுக ஊர்ப்பட்ட அண்டாவக் கவுத்துக்கிட்டிருக்காக."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார் போலிருக்கிறது, குரல் கொஞ்சம் தணிந்தது.

"கோவிச்சுக்கிராதீக. இது நீங்கதான? முகவாயில மச்சம்கூட அதே எடத்துல இருக்கு."

அச்சுப் புத்தகத்து அத்தைக்கு மச்சம் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் பார்த்த முகம், லென்ஸ் வைத்துப் பார்த்த முகம், மச்சம் கிடையாது. கொசுவைத் தூசி என்று அடைத்தவன், தொட்ட மையோடு மச்சத்தையும் அடைத்திருக்கிறான். தலையை நரைக்க வைத்து, உடம்பைக் கொஞ்சம் பெருக்க வைத்து, முப்பத்தொரு வயசுக்காரியை இன்றைக்கு இருக்கிற மாதிரி வரைந்து, அவள் கண்ணாடி மேலேயே மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, தேடுங்கள் என்று அந்த மனுஷன் காத்திருந்திருக்கிறார். அவளோ அண்டாவைக் கவிழ்த்தாள், ஊரைக் கூட்டிக் கேட்டாள். சந்திரமதி முகவாயைத் தொட்டுப் பார்த்தாள், அது அங்கேதான் இருந்தது. சிரிப்பு வந்தது, கூடவே மற்றதும் வந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை, நன்றாகப் பாருங்கள் என்று எழுதினாரே, அதையாவது ஒரு தடவை அவர் குரலில் படித்திருக்கலாமே. அதற்குள் சொட்டு மருந்துப் பெண் வந்துவிட்டாள், ஏம்மா அழறீங்க, மருந்தெல்லாம் வெளிய போயிருச்சு, மறுபடியும் மூணு தடவை விடணும், இன்னும் நாற்பது நிமிஷம் என்று சலித்துக்கொண்டாள். விடுங்க, எனக்கொண்ணும் அவசரமில்லை என்றாள் சந்திரமதி. சொட்டு விழுந்தது, எரிந்தது. கண்ணை மூடியபடியே பைக்குள் கையை விட்டு, எழுதாத அந்தக் கார்டையும் பேனாவையும் தேடி எடுத்துப் பக்கத்து நாற்காலியிடம் கொடுத்து, தம்பி, நான் சொல்றதை எழுதுங்க என்றாள். பதினோராம் பக்கம், என் கண்ணாடி மேல். பெரியகருப்பன் ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே எழுதி முடித்து, வெலாசம் என்ன என்று கேட்டார். சிவகாசி அச்சகம், தெருப் பெயர், மாடி அறை, தங்கப்பழம் அவர்களுக்கு என்று ஒரு எழுத்துப் பிசகாமல், கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.